புதுச்சேரி, கடலூர் கரையோர மூட்டத்தில் படம் எடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடற்கரைச் சாலை, தேவனாம்பட்டினம், பிச்சாவரம், ஊசுட்டேரி என்று சுற்றிவிட்டுப் படங்களைக் கணினியில் திறக்கும்போது எல்லாவற்றின் மேலும் சாம்பல் பூசியது போல இருக்கிறதா? அதற்கான காரணங்களும் தப்பிக்கும் வழிகளும் கீழே. போனில் எடுப்பவர்களுக்கும் பெரும்பாலான பதில்கள் பொருந்தும்.

கண்ணுக்கு நன்றாகத் தெரிந்த காட்சி படத்தில் ஏன் வெளுத்துப் போகிறது?

தூரத்தில் இருக்கும் பொருளில் இருந்து வரும் ஒளியில் ஒரு பகுதியைக் காற்றில் மிதக்கும் துகள்கள் வழியிலேயே சிதறடித்துவிடுகின்றன. அதே துகள்கள் சூரிய ஒளியையும் பிடித்து உங்கள் பக்கம் திருப்பிவிடுகின்றன. ஆக, பொருளின் ஒளி குறைகிறது, காற்றின் ஒளி கூடுகிறது. கறுப்பாக இருக்கவேண்டிய இடம் சாம்பலாகிவிடும். கண் அந்தச் சாம்பலுக்குச் சீக்கிரம் பழகிக்கொள்ளும், கேமரா பழகாது.

இது எவ்வளவு மோசமாகும் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. பார்வைத் தூரம், அதாவது கண்ணுக்கு எட்டும் எல்லை, 5 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். 500 மீட்டரில் நிற்கும் படகின் கான்ட்ராஸ்டில் (வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள வேறுபாடு) சுமார் 68 சதவீதம் மிஞ்சும். 1.25 கி.மீ.யில் 38 சதவீதம். 2.5 கி.மீ.யில் வெறும் 14. 5 கி.மீ.யில் 2 சதவீதம், அதாவது இருக்கிறதா இல்லையா என்ற சந்தேகம்தான். தூரம் இரு மடங்கானால், மிஞ்சியதில் இருந்து அதே விகிதம் மறுபடி குறைகிறது, இப்படி அடுக்கடுக்காக இழக்கிறோம். அதனால்தான் நல்ல லென்ஸ் வாங்குவதைவிட 200 மீட்டர் முன்னால் நடந்து போவது அதிகப் பலன் தருகிறது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்பவர்கள் இதோடு எழுந்து போகலாம்.

எல்லா மூட்டமும் ஒன்றுதானா?

இல்லை. எந்த மூட்டம் என்று தெரியாமல் மருந்து தேடுவதில்தான் பாதிப் பேர் பணத்தை விடுகிறார்கள். இந்தக் கரையில் நாலு வகை.

முதலாவது, மார்கழி, தை மாதங்களில் விடியற்காலையில் இறங்கும் பனி. நீர்த்துளிகள் பெரியவை, எல்லா நிறத்தையும் ஒரே மாதிரி சிதறடிப்பவை. ஆகவே வெள்ளையாக இருக்கும். பாகூர் வயல்கள், கெடிலம் ஆற்றங்கரை, ஊசுட்டேரி போன்ற இடங்களில் தரையோடு தரையாகக் கிடக்கும். வெயில் ஏறியதும் கலைந்துவிடும். 8.30க்கு மேலும் நிற்கிறது என்றால் அதில் புகை கலந்திருக்கக்கூடும்.

இரண்டாவது புகை. அடுப்பு, குப்பை, டீசல், செங்கல் சூளை, நெல்லிக்குப்பம் பக்கம் கொளுத்தும் கரும்புச் சோகை, கடலூர் சிப்காட், மேற்கே நெய்வேலி அனல்மின் நிலையங்கள் என்று பல மூலங்கள். துகள்கள் மிக நுண்ணியவை. இருண்ட மரங்களின் முன்னால் நீலமாகவும், வானத்துக்கு எதிரே பழுப்பாகவும் தெரியும். ஒரே புகை பின்னணியைப் பொறுத்து இரண்டு நிறம் காட்டும். இதுதான் பனியில் இருந்து பிரித்துப் பார்க்க எளிய அடையாளம்.

மூன்றாவது உப்பு. அலை உடையும்போது தெறிக்கும் திவலை காய்ந்து உப்புத்துகளாகக் காற்றில் நிற்கும். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டியதும் உப்புத்துகள் நீரை உறிஞ்சிப் பருத்துவிடும். காலையில் தெளிவாக இருந்த கடற்கரை, ஈரக்காற்று ஏறியதும் பால் கலந்தது போல மாறுவது இதனால்தான். கரையில் இருந்து இருநூறு, முந்நூறு மீட்டர் உள்ளே வந்தாலே வித்தியாசம் தெரியும்.

நாலாவது மூட்டம் காற்றிலேயே இல்லை, லென்ஸில் இருக்கிறது. உப்புப் படலம், விரல் ரேகை, உள்ளே பூஞ்சை. சோதிப்பது சுலபம்: லென்ஸைச் சாய்த்துப் பிடித்து, போன் டார்ச்சைப் பக்கவாட்டில் இருந்து அடியுங்கள். முன்கண்ணாடி பால் நிறத்தில் ஒளிர்ந்தால் குற்றவாளி அதுதான். இன்னொரு சோதனை: 5 மீட்டரில் நிற்கும் கறுப்பு வண்டியைப் படமெடுங்கள். அதுவும் வெளுத்திருந்தால் காற்றைக் குறை சொல்லிப் பயனில்லை.

உதய நேரத்துக்குச் சரியாகக் காந்தி சிலை அருகே நின்றேன். சூரியனைக் காணவில்லை. மேகமும் இல்லை. ஏன்?

இரவெல்லாம் தரை குளிர்ந்து, விடியும் வேளையில் காற்று கரையில் இருந்து கடலுக்கு வீசும். ஊரின் இராப்புகையைத் தள்ளிக்கொண்டு போய்க் கிழக்கே கடல் மேல் படுக்கவைத்துவிடும். குளிர் மாதங்களில் மேலே சூடான காற்று மூடிபோட்டு நிற்பதால் அது மேலெழும்பவும் முடியாது. சூரியன் அந்தப் படலத்துக்குப் பின்னால்தான் உதிக்கிறது.

நம் அட்சரேகையில் சூரியன் ஒரு பாகை ஏற நாலு நிமிடத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக ஆகும். படலம் அடிவானில் இருந்து மூன்று பாகை உயரம் இருந்தால், அறிவித்த நேரத்துக்கு 13 நிமிடம் கழித்துத்தான் முகம் காட்டும். கையை நீட்டி நடு மூன்று விரல்களைச் சேர்த்துப் பிடித்தால் அதன் அகலம் சுமார் ஐந்து பாகை. முந்தின நாள் காலையில் சூரியன் எந்த உயரத்தில் வெளிப்பட்டது என்று விரலால் அளந்துவிட்டால், மறுநாளுக்கு நேரம் கணித்துவிடலாம்.

ஜூனில் உதயம் 5.45 வாக்கில், ஜனவரிக் கடைசியில் 6.35 வாக்கில். இடமும் மாறும்: ஜூனில் நேர்கிழக்கில் இருந்து சுமார் 24 பாகை வடக்கே, டிசம்பரில் அதே அளவு தெற்கே. பழைய துறைமுகப் பாலத்தின் தூண்களோடு சேர்த்துச் சூரியனைப் பிடிக்க ஆசைப்படுகிறவர்கள் மார்கழியில் வரவேண்டும். ஆனியில் வந்தால் சூரியன் இடப்பக்கம் போயிருக்கும்.

இதில் ஒரு லாபமும் உண்டு. படலத்தின் வழியே வரும் சூரியன் கூசாத சிவப்புத் தட்டாக இருக்கும். 200 மி.மீ.க்கு மேல் லென்ஸ் போட்டு, சூரியனுக்குப் பக்கத்து வானத்தில் ஸ்பாட் மீட்டரிங் (ஒரு சிறு புள்ளியின் ஒளியை மட்டும் அளப்பது) செய்தால் தட்டின் விளிம்பு கெடாமல் வரும். வைட் பேலன்ஸை (ஒளியின் நிறத்துக்கு ஏற்பப் படத்தின் நிறத்தைச் சரிசெய்யும் அமைப்பு) ஆட்டோவில் விடாதீர்கள், அது சிவப்பைத் திருத்திச் சப்பென்றாக்கிவிடும். 5200 அல்லது 5500 கெல்வினில் நிறுத்துங்கள். டெலி லென்ஸோடு கண்ணாடி வியூஃபைண்டர் வழியாகச் சூரியனைப் பார்க்கவே கூடாது. மங்கலாகத் தெரிந்தாலும் கண் போகும். திரையில் பாருங்கள்.

எந்த மாதத்தில் வந்தால் தெளிவாக இருக்கும்?

வடகிழக்குப் பருவமழையில் ஒரு நாள் நன்றாகப் பெய்து ஓய்ந்த மறுநாள் காலை. இதற்கு இணை கிடையாது. மழை துகள்களைக் கழுவி இறக்கிவிடும், அடிவானம் கத்தியால் கீறிய கோடு போல நிற்கும். அக்டோபர் கடைசி முதல் டிசம்பர் நடு வரை இப்படிச் சில நாட்கள் வாய்க்கும், ஆனால் எந்த நாள் என்று மாதம் முன்னால் யாராலும் சொல்லமுடியாது. மூன்று நாள் தங்குகிற மாதிரி வந்தால் ஒன்று சிக்கும்.

ஜனவரி, பிப்ரவரி பனியும் புகையும் கலந்தவை. வாடை நின்று காற்றே இல்லாத காலைகள் மோசம். மார்ச், ஏப்ரலில் பிற்பகலுக்கு மேல் கடல் காற்று ஏறினால் ஊர்ப்புகை உள்நாட்டுக்குப் போய்விடும், கரை ஓரளவு சுத்தமாகும். ஜூன், ஜூலையில் கச்சான் காற்று மேற்கில் இருந்து வெக்கையையும் புழுதியையும் கொண்டுவரும். அன்று கடல் காற்று வரத் தாமதமானால் மாலை நாலு மணி வரை வானம் வெளிறிக் கிடக்கும். அந்த மாதங்களில் மாலை 5 மணிக்கு மேல் எடுப்பதே புத்தி.

காற்றுத் தரக் குறியீட்டைப் பார்த்துவிட்டுக் கிளம்பலாமா?

பார்க்கலாம், ஆனால் அதை மட்டும் நம்பிக் கிளம்பக்கூடாது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சமீர் செயலியில் வரும் எண், துகள்களைப் பொறுத்தவரை 24 மணி நேரச் சராசரி. நேற்று இரவு கொளுத்திய குப்பையும் அதில் இருக்கும், இன்று காலை பெய்த மழை முழுதாக இருக்காது. 50 வரை நன்று, 100 வரை திருப்தி, 200 வரை மிதம், 300 வரை மோசம், 400 வரை மிக மோசம், அதற்கு மேல் கடுமை என்பது நுரையீரலுக்கான அளவுகோல். கேமராவுக்கானது அல்ல.

பி.எம். 2.5 என்பது 2.5 மைக்ரானுக்குக் குறைந்த விட்டமுள்ள துகள். ஒளியை அதிகம் சிதறடிப்பது இந்தக் கூட்டம்தான். அதன் மணிவாரி எண் கிடைத்தால் அதைப் பாருங்கள், பக்கத்திலேயே ஈரப்பதத்தையும் பாருங்கள். ஒரே அளவு துகள், 55 சதவீத ஈரப்பதத்தில் லேசான வெளுப்பாகவும் 90 சதவீதத்தில் சுவராகவும் நிற்கும். இந்தக் கரையில் விடியற்காலை ஈரப்பதம் பெரும்பாலும் 80க்கு மேல்தான். சென்னை விமான நிலையத்தின் பார்வைத் தூர அறிக்கையைப் புதுச்சேரிக்குப் பொருத்திப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். நூறு கி.மீ.க்கு மேல் தள்ளி வேறு ஊர், வேறு புகை. வேண்டாம்.

இதைவிட நம்பகமானது விடுதி மொட்டைமாடி. போன் வரைபடத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டியையோ செல்போன் கோபுரத்தையோ குறித்துத் தூரம் அளந்துகொள்ளுங்கள். 2 கி.மீ. கோபுரத்தின் கம்பிகள் தனித்தனியாகத் தெரிந்தால் அகலக் காட்சிக்குக் கிளம்பலாம். நிழல் மாதிரி மட்டும் தெரிந்தால் தெருவுக்குள் போங்கள்.

யூவி ஃபில்டர் போட்டால் மூட்டம் குறையுமா?

குறையாது. டிஜிட்டல் சென்சாருக்கு முன்னாலேயே புற ஊதாவைத் தடுக்கும் கண்ணாடி இருக்கிறது. கடற்கரையில் உப்பில் இருந்து முன்கண்ணாடியைக் காக்க மட்டும் போடுங்கள், சூரியனுக்கு எதிரே எடுக்கும்போது கழற்றிவிடுங்கள். மலிவான ஃபில்டர் தானே ஒரு மூட்டத்தை உண்டாக்கும்.

சிபிஎல்?

அதாவது போலரைசர், ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் உள்ளே விடும் ஃபில்டர். இது உண்மையில் வேலை செய்யும், நிபந்தனைகளோடு. சூரியனுக்குச் செங்குத்தான திசையில்தான் பலன் அதிகம். காலையில் கடல் மேல் சூரியன் தாழ்வாக இருக்கும்போது, அந்தத் திசை வடக்கும் தெற்கும். கடற்கரைச் சாலை ஏறக்குறைய வடக்கு தெற்காகவே ஓடுவதால், சாலையின் நீளத்தைப் பார்த்து எடுக்கும் படத்துக்குப் போலரைசர் அருமையாக உதவும். சூரியனை நோக்கியோ, சூரியனை முதுகில் வைத்தோ எடுத்தால் திருகித் திருகிக் கைதான் வலிக்கும்.

லேசான மூட்டத்தில் நன்றாக வெட்டும். கனத்த மூட்டத்தில் ஒளி துகள்களுக்கு இடையே பலமுறை மோதித் திசை குழம்பிவிடுவதால் பலன் அநேகமாக இல்லை. 24 மி.மீ.க்குக் குறைந்த அகல லென்ஸில் வானத்தின் ஒரு பக்கம் மட்டும் கருநீலமாகி அசிங்கமாக வரும். ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி பாதியாவது) ஒளியைத் தின்னும் என்பதையும் ஷட்டர் வேகம் வைக்கும்போது நினைவில் வையுங்கள்.

கேமராவில் என்ன அமைப்பு வைப்பது?

ராவில், அதாவது சென்சார் பதிவு செய்ததைச் சுருக்காமல் சேமிக்கும் கோப்பில் எடுங்கள். மூட்டக் காட்சியின் ஹிஸ்டோகிராம் (இடப்பக்கம் இருட்டு, வலப்பக்கம் வெளிச்சம் என்று காட்டும் வரைபடம்) நடுவில் ஒரு குறுகலான மேடாக நிற்கும், இரண்டு ஓரமும் காலி. பிறகு அதை இழுத்து விரிக்கத்தான் போகிறீர்கள். ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான், அதிலும் மேடு நிற்கும் இடத்தில் எண்பது தொண்ணூறு படிகளே இருக்கும். விரித்தால் வானத்தில் பட்டை பட்டையாகப் பிளவு தெரியும். 14 பிட் ரா கோப்பில் அந்தத் தொல்லை இல்லை.

இரண்டு ஓரமும் காலி என்பதால், மேட்டை வலப்பக்கம் தள்ளலாம். எக்ஸ்போஷரை +0.7 அல்லது +1 ஏற்றி, வலது சுவரைத் தொடாமல் நிறுத்துங்கள். பின்னால் இறக்கும்போது இருட்டுப் பகுதியில் புள்ளி புள்ளியாக வரும் நாய்ஸ் குறையும். சூரியனே சட்டகத்துக்குள் இருந்தால் இந்த வித்தை கூடாது, அங்கே -0.7 பக்கம் போங்கள்.

அப்பர்ச்சர் எஃப் 5.6 முதல் 8 வரை போதும். எஃப் 16க்குப் போனால் கூர்மை குறைவதோடு, சென்சார் தூசி புள்ளி புள்ளியாக வரும். மூட்டத்தைப் பின்னால் நீக்கும்போது அந்தப் புள்ளிகள் இரண்டு மடங்கு கறுக்கும். ஹூடு கட்டாயம். ஆட்டோ ஃபோகஸ் மங்கலான அடிவானத்தில் தடுமாறினால், அதே தூரத்தில் இருக்கும் ஒரு விளிம்பைப் பிடித்துப் பூட்டிவிட்டுத் திரும்புங்கள்.

எல்லாவற்றுக்கும் மேல் சூரியன் எந்தப் பக்கம் என்பது. இந்த நுண்துகள்கள் ஒளியைப் பெரும்பாலும் அது போகும் திசையிலேயே முன்னோக்கிச் சிதறடிப்பவை. சூரியனைப் பார்த்து எடுத்தால் மூட்டம் பளபளவென்று கூடும். சூரியனை முதுகில் வைத்தால் அதே காற்று பாதி சுத்தமாகத் தெரியும். ஆக, காலையில் கடலைப் பார்த்து நிழலுருவப் படம், அப்படியே திரும்பி மேற்கே பழைய கலங்கரை விளக்கத்தையும் கட்டிடங்களையும் நிறப்படம். பலர் முதலாவதை மட்டும் எடுத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுகிறார்கள்.

ஊசுட்டேரியில் 500 மி.மீ. லென்ஸில் பறவை எடுத்தேன். மூட்டத்தை நீக்கியும் கூர்மை வரவில்லை.

அது மூட்டம் அல்ல, வெப்ப நெளிவு. வெயில் ஏறியதும் நீருக்கும் கரைக்கும் இடையே வெவ்வேறு சூட்டில் காற்றடுக்குகள் அசைந்து ஒளியை வளைக்கின்றன. எந்த மென்பொருளும் இதை முழுதாகச் சரிசெய்யாது. அடையாளம்: தொடர்ச்சியாக எடுத்த பத்துப் படங்களில் ஒவ்வொன்றிலும் வேறு வேறு இடம் கலங்கியிருக்கும். காலை 8க்கு முன் எடுப்பது, தூரத்தைக் குறைப்பது, தார்ச்சாலைக்கும் காய்ந்த மணலுக்கும் குறுக்கே எடுக்காமல் இருப்பது, அதிக வேகத்தில் நிறைய எடுத்து நல்லதைப் பொறுக்குவது ஆகியவையே வழி. குளிரூட்டிய காரின் கண்ணாடியை இறக்கி உள்ளே இருந்து எடுத்தால், ஜன்னலிலேயே நெளிவு உண்டாகும்.

டீஹேஸை எவ்வளவு ஏற்றலாம்?

டீஹேஸ் என்பது மென்பொருளில் மூட்டத்தைக் குறைக்கும் ஸ்லைடர். படம் முழுவதற்கும் என்றால் +10, +15. அதற்கு மேல் ஏற்றினால் வானம் அழுக்கு நீலமாகும், மரங்களின் ஓரத்தில் வெள்ளைக் கோடு வரும், மனிதர்களின் முகம் கரிபிடித்தது போல ஆகும். காரணம் எளிது. மூட்டம் தூரத்துக்குத் தக்கபடி கூடுகிறது, ஸ்லைடரோ பக்கத்தில் நிற்கும் ஆளையும் சேர்த்து இழுக்கிறது. மென்பொருள் இருட்டுப் பகுதிகளின் வெளுப்பைப் பார்த்துத் தூரத்தை ஊகிக்கும். வெள்ளைச் சுவர், வெள்ளை மணல், அலை நுரை எல்லாவற்றையும் அது மூட்டம் என்றே நினைத்துவிடும். புதுச்சேரியின் பிரெஞ்சுப் பகுதியான ஒயிட் டவுன் படங்களில் சுவர்கள் மஞ்சளும் சாம்பலுமாகத் திட்டுத்திட்டாக வருவது இதனால்.

லைட்ரூமில் இந்த வரிசையில் செய்து பாருங்கள். முதலில் வைட் பேலன்ஸ். அடுத்து பிளாக்ஸை இறக்கி, ஹிஸ்டோகிராமின் இடது ஓரம் தொடும் வரை கொண்டுவாருங்கள். பாதி மூட்டம் இங்கேயே போய்விடும். பிறகு லீனியர் கிரேடியன்ட் முகமூடியை அடிவானப் பட்டைக்கு மட்டும் போட்டு, அதில் டீஹேஸ் +20 முதல் +35. முன்புறம் தொடாமல் இருக்கட்டும். நீலம் அதிகமாகியிருந்தால் நீலத்தின் சாச்சுரேஷனை 10, 15 குறையுங்கள். கடைசியில் தூசிப் புள்ளிகளை அழித்து, நாய்ஸ் ரிடக்ஷன் கொஞ்சம். காசு செலவழிக்க விரும்பாதவர்களுக்கு டார்க்டேபிளிலும் ரா தெரப்பியிலும் ஹேஸ் ரிமூவல் இருக்கிறது, முகமூடி போடும் கொள்கை அதேதான்.

நிறத்தில் மீட்க முடியாத படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள். நுண்புகை நீலத்தை அதிகமும் சிவப்பைக் குறைவாகவும் சிதறடிப்பதால், சிவப்பு சேனலில் தூரக்காட்சி கூடுதல் தெளிவாக ஒளிந்திருக்கும். மாற்றும்போது சிவப்பை ஏற்றி நீலத்தை இறக்குங்கள். பனியில் இந்தத் தந்திரம் பலிக்காது.

போன் மட்டும்தான் இருக்கிறது.

முதல் வேலை லென்ஸைத் துடைப்பது. கடற்கரையில் கால் மணி நேரம் கையில் வைத்திருந்தாலே எண்ணெயும் உப்பும் சேர்ந்துவிடும். இரண்டாவது, டிஜிட்டல் ஸூம் வேண்டாம். மூன்றாவது, திரையைத் தொட்டு எக்ஸ்போஷரைக் கொஞ்சம் இறக்குங்கள். போனின் எச்டிஆர் நிழல்களைத் தூக்கிவிடுவதால் மூட்டம் இன்னும் வெளுக்கும். ப்ரோ மோடில் ரா இருந்தால் உதய, அஸ்தமனப் படங்களுக்கு மட்டும் அதைப் பயன்படுத்துங்கள். ஸ்னாப்சீடில் ஸ்ட்ரக்சரை 15க்கு மேல் ஏற்றாமல், கர்வ்ஸில் இடது கீழ் முனையைச் சற்று வலப்பக்கம் நகர்த்தினால் போதும்.

விடுதியில் இருந்து வெளியே வந்ததும் லென்ஸ் வேர்த்துவிடுகிறது. உதயமே போய்விட்டது.

கோடையிலும் ஆடி, ஆவணியிலும் இந்தக் கரையில் பனிப்புள்ளி (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) 25 டிகிரி வாக்கில் இருக்கும். அறையின் ஏசி 22ல். அதற்குக் குளிர்ந்த கண்ணாடி வெளியே வந்ததும் நீர் படிந்தே தீரும். துடைத்தால் மறுபடி படியும், உள்கண்ணாடியில் படிந்தால் துடைக்கவும் வழியில்லை.

இரவே பையை ஏசி இல்லாத வராந்தாவிலோ பால்கனியிலோ பத்திரமாக வையுங்கள். அது முடியாவிட்டால் கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன் ஏசியை அணைத்து ஜன்னலைத் திறந்துவிடுங்கள். அதுவும் முடியாவிட்டால் அறைக்குள்ளேயே கேமராவை ஜிப் பையில் போட்டு, காற்றை வெளியேற்றி மூடி, வெளியே கொண்டுவந்து 20 முதல் 30 நிமிடம் கழித்துத் திறங்கள். நீர் பையின் மேல் படியும், கேமராவில் அல்ல. பேட்டரியையும் மெமரி கார்டையும் முன்பே போட்டுவிடுங்கள், இடையில் மூடியைத் திறந்தால் பட்ட பாடு வீண். லென்ஸை அந்த நேரத்தில் கழற்றுவது அறவே கூடாது.

கடற்கரையில் எடுத்துவிட்டு வந்தபின் எப்படித் துடைப்பது?

காய்ந்த துணியால் உடனே தேய்ப்பதுதான் பெரிய தவறு. உப்புப் படிகமும் மணலும் சேர்ந்து பூச்சைக் கீறும். முதலில் லென்ஸைக் கீழ்நோக்கிப் பிடித்து ப்ளோயரால் பத்துப் பன்னிரண்டு முறை ஊதுங்கள். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். அடுத்து நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த மைக்ரோஃபைபர் துணியால் கேமரா உடல், லென்ஸ் வளையங்கள், ட்ரைபாட் கால்கள். உப்பு தண்ணீரில்தான் கரையும், லென்ஸ் கிளீனரில் சரியாகக் கரையாது. முன்கண்ணாடிக்குத் தனியாக வேறு துணி: துணியில் ஒரு துளி சுத்தமான நீர், நடுவில் இருந்து வெளியே வட்டமாக, பிறகு கிளீனர். திரவத்தைக் கண்ணாடி மேல் நேரடியாக விடாதீர்கள், விளிம்பு வழியே உள்ளே இறங்கும். ட்ரைபாடை அலையில் நிறுத்தியிருந்தால் கால்களைப் பிரித்து நல்ல தண்ணீரில் அலசிக் காயவைக்க வேண்டும்.

உள்ளூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை: பூஞ்சை. தோல் பையில் வைத்து அலமாரியில் பூட்டினால் மழைக்காலம் முடிவதற்குள் கண்ணாடியில் சிலந்தி வலை போலக் கிளைவிடும். காற்றுப் புகாத டப்பா, உள்ளே சின்ன ஈரப்பதமானி, 10 லிட்டர் டப்பாவுக்கு 150, 200 கிராம் சிலிக்கா ஜெல். முள் 40க்கும் 50க்கும் இடையே நிற்கவேண்டும். ஆரஞ்சு மணிகள் பச்சையானதும் 110 முதல் 120 டிகிரி ஓவனில் இரண்டு மணி நேரம் வைத்தால் மறுபடி தயார். அரிசிப் பானையில் போடும் யோசனையை விட்டுவிடுங்கள், மாவுத்தூசி உள்ளே போகும்.

மூட்டமான நாளில் எங்கே போவது?

பொருள் பக்கத்தில் இருக்கும் இடங்களுக்கு. புதுச்சேரியில் துமாஸ் வீதியும் ரோமன் ரோலண்ட் வீதியும் இதற்காகவே அமைந்தவை. பத்து முதல் முப்பது மீட்டருக்குள் மஞ்சள் சுவர், காகிதப்பூ, கதவு. அந்தத் தூரத்தில் மூட்டம் ஒன்றும் செய்யாது, மாறாக மேல் வெளிச்சத்தை மென்மையாக்கி நிழலின் கடுமையைக் குறைக்கும். வானம் தெரியாமல் சட்டகம் போடுங்கள், வெள்ளை வானம் வந்தால் படம் கெட்டது. கடலூரில் திருப்பாதிரிப்புலியூர் பாடலீஸ்வரர் கோயில் சன்னதித் தெரு, முதுநகர் மீன்பிடித் துறைமுகம். துறைமுகத்தில் வலை பிரிக்கும் கைகள், ஐஸ் பெட்டி, மீன் கூடை என்று இரண்டு மீட்டருக்குள் வேலை முடியும்.

பிச்சாவரம் சுரபுன்னைக் கால்வாய்களில் மூட்டம் கூடுதல் அழகு. முன்னால் வேர்கள் கருமையாக, அடுத்த வரிசை சாம்பலாக, அதற்கடுத்தது வெளிறி, அடுக்கடுக்காக விழும். டெலி லென்ஸில் எடுத்தால் அடுக்குகள் நெருங்கும். இங்கே டீஹேஸ் போடுவது பாவம்.

அன்றைக்குத் தவிர்க்கவேண்டியவை: திருவந்திபுரம் ஹயக்ரீவர் மலை மேல் இருந்து எடுக்கும் அகலக் காட்சி, தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரையில் இருந்து தூரக் கப்பல்.

போகி, தீபாவளி, மாசிமகம்?

போகி அதிகாலை புகை சந்துகளில் தங்கும். தெருவிளக்கு வெளிச்சத்தில் கதிர்கள் விழுவது நன்றாக வரும், ஆனால் டயர் எரிகிற இடத்தில் நிற்காதீர்கள்.

தீபாவளி இரவில் வானவெடி எடுக்கக் காற்று முதுகில் படும்படி நில்லுங்கள். எதிரே நின்றால் பத்தாவது வெடிக்குள் புகை திரை போட்டுவிடும். ஐ.எஸ்.ஓ. 100, எஃப் 8 முதல் 11, இரண்டு முதல் ஐந்து விநாடி, ட்ரைபாட். தொடக்கத்திலேயே எடுத்துவிடுங்கள், நேரம் ஆக ஆகப் புகை கீழிருந்து வெளிச்சம் பட்டுச் சிவந்து வானத்தை மூடும்.

வைத்திக்குப்பத்திலும் தேவனாம்பட்டினத்திலும் மாசிமகத் தீர்த்தவாரிக்குக் கூட்டம், மணல், உப்புத்திவலை, உச்சி வெயில் எல்லாம் சேரும். மேட்டில் நின்று மொத்தக் காட்சி எடுக்க நினைத்தால் வெளுத்துதான் வரும். இருபது மீட்டருக்குள் போய் 35 மி.மீ.யில் எடுங்கள். லென்ஸ் மாற்றவே வேண்டாம்.

அழகுக்காக இல்லை, மாசைப் பதிவு செய்யவே எடுக்கிறேன். என்ன கவனிக்கவேண்டும்?

அப்படியானால் மேலே சொன்ன திருத்தங்கள் எதையும் செய்யாதீர்கள். ஒரே இடம், ஒரே நேரம், ஒரே குவியத்தூரம், மேனுவல் எக்ஸ்போஷர், நிலையான வைட் பேலன்ஸ். சட்டகத்தில் வெவ்வேறு தூரத்தில் மூன்று அடையாளங்கள் இருக்கட்டும், உதாரணமாக 300 மீட்டரில் ஒரு கட்டிடம், 1 கி.மீ.யில் ஒரு தொட்டி, 3 கி.மீ.யில் ஒரு புகைபோக்கி. ஒவ்வொரு படத்தோடும் ஈரப்பதம், காற்றுத் திசை, நேரம் ஆகியவற்றைக் குறித்துவையுங்கள். ஈரப்பதம் 70க்குக் குறைந்த நேரத்துப் படங்களை மட்டுமே ஒப்பிடுங்கள், இல்லாவிட்டால் பனியைக் காட்டிப் புகை என்று சொல்லிவிட்டதாக எதிர்த்தரப்பு பிடித்துக்கொள்ளும். புகைபோக்கியில் இருந்து வரும் வெள்ளை எல்லாம் புகையல்ல: வாயை விட்டுச் சற்றுத் தள்ளித் தொடங்கி, கொஞ்ச தூரத்தில் சுத்தமாக மறைந்தால் அது பெரும்பாலும் நீராவி. நீண்ட தூரம் நிறத்தோடு இழுத்துக்கொண்டு போவதுதான் புகை. மூல ரா கோப்பை அழிக்காதீர்கள்.

ட்ரோன் உயரே போனால் மூட்டத்துக்கு மேலே போய்விடுமா?

பனிக்கு மேலே போகலாம், அது சில நேரம் முப்பது நாற்பது மீட்டர்தான். புகைப்படலம் அதைவிட மிகவும் தடிமன், அனுமதிக்கப்பட்ட உயரமான 120 மீட்டருக்குள் தாண்ட முடியாது. கண்பார்வைக்குள் பறக்கவிட வேண்டும் என்பது விதி, மூட்டத்தில் அந்தத் தூரமே சுருங்கிவிடும். லாஸ்பேட்டையில் விமான நிலையம் இருப்பதால் ட்ரோன் பறக்க அனுமதியுள்ள மண்டலங்களைக் காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பார்க்காமல் ஏற்றாதீர்கள்.

முகக்கவசம் போட்டால் வியூஃபைண்டர் ஆவி பிடிக்கிறது.

என்95ன் மூக்குக் கம்பியை இரண்டு விரலாலும் அழுத்தி எலும்போடு ஒட்டவையுங்கள், மேல்விளிம்பில் ஒரு துண்டு மருத்துவ டேப். அப்படியும் பிடித்தால் திரையைப் பார்த்து எடுங்கள். துணி மாஸ்க் நுண்துகளைப் பெரிதாகத் தடுக்காது, புகையில் அதை நம்பி நிற்கவேண்டாம்.